கைதட்டும் கையும் கல்லெறியும் கையும்

(செட்டியார்பட்டியில் விளையாட்டு ஆர்வலரான இளைஞரிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆட்டத்தைக் காண வந்த கூட்டம் இரு கூறாகப் பிரிந்து நின்று தமக்குள் மாறுபடுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழினம் அதனைப் பாட்டில் பதிந்து வைத்துள்ளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்தான். அவனைப் பாடியவருள் ஒருவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். புறநானூற்றின் 85ஆம் பாட்டு அவருடையது. கிள்ளி நின்று பொருத அவ்வூர் அவனுடைய ஊருமன்று. அந்நாடு அவனுடைய நாடுமன்று. ஆயினும், வெற்றி அவனுக்கே என்றனராம் ஒரு சாரார். அன்று என்றனராம் மற்றொரு சாரார். அவ்விரு சாராரின் சொல்லையும் நல்லோர் சொல்லென்றே குறிக்கிறார் புலவர். பின்னர்த் தாமே ஓடிச்சென்று, தம் இல்லத்துப் பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைக் கண்டதாகப் பாட்டை முடிக்கிறார்.

இப்பாட்டிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது. வெளியூரான் ஒருவன் களத்தில் நிற்கிறான். உள்ளூர்க் கூட்டத்தில் ஒரு பாதி அவன் திறத்தை ஒப்புக்கொள்கிறது. மறு பாதி மறுக்கிறது. சொல்லோடு சொல் மோதியது. கல்லோடு தலை மோதவில்லை. மாறுபட்ட இரு கூற்றையும் நற்கூற்று எனச் சொல்லும் அளவுக்கு அவை நாகரிகமாய் இருந்தன. பார்வையாளர்க்குரிய அறம் என்ன என்று கேட்பவர்க்குத் தமிழ் தரும் முதல் விடை இது.

இன்று செட்டியார்பட்டியிலும், தளவாய்புரத்திலும், சேத்தூரிலும், இராசபாளையத்திலும், பகலெல்லாம் தறியிலும் தையற்பொறியிலும் உழைத்துக் களைத்த இளைஞர் மாலையில் தொலைக்காட்சியின் முன் கூடுகின்றனர். கால்பந்தாயினும் மட்டைப்பந்தாயினும் ஆட்டம் முடிந்த பின்னரும் பேச்சு முடிவதில்லை. தேநீர்க் கடையிலே வழக்கு எழுகிறது. அவ்வழக்கு பெரும்பாலும் யார் வென்றார் என்பதைப் பற்றியதன்று. பார்க்க வந்தவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைப் பற்றியதே.

ஒரு சாரார் கூறுவது இது: "கட்டணம் கொடுத்து வந்தவன் கத்துவான், திட்டுவான், தீப்பந்தம் கொளுத்துவான், அதுவன்றோ ஆட்டத்தின் உயிர்! பூசையறையில் அமர்வதுபோல் அமர்ந்திருக்க ஆடுகளம் எதற்கு?" மற்றொரு சாரார் கூறுவது இது: "கூட்டம் என்பது மந்தை, மந்தைக்கு வேலி வேண்டும், எழுந்து நிற்பவனை வெளியேற்றுக, முழக்கமிடுபவனைத் தளைப்படுத்துக." இவ்விரண்டும் முழு உண்மையல்ல. எவ்வாறு என்பதை வரலாற்றை வைத்தே காணல் வேண்டும்.

கல்கத்தாவின் பாடம்

இந்திய நிலப்பரப்பில் கால்பந்துக்கு உயிரையே வைத்த மக்கள் வங்காளியர். 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1911 சூலை 29ஆம் நாள் ஆங்கிலப் படையணியொன்றை 2-1 என வென்றது. ஆடியவருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். பூட்சுக்காலை வெறுங்கால் வென்ற அந்நாள் அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலை நாள்போல் இருந்தது. 1920இல் ஈசுட்டு பெங்கால் கழகம் தோன்றியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தினின்று ஏதிலியராய் வந்து குவிந்த மக்கள் அக்கழகத்தைத் தம் இழந்த மண்ணின் அடையாளமாகப் பற்றிக்கொண்டனர். ஆக, ஒரே மொழி பேசும் ஒரே இனத்தார் பந்தை முன்னிட்டு இரு கூறாயினர்.

1980 ஆகத்து 16ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு கழகங்களும் மோதின. இருதரப்பு ஆர்வலரும் ஒரே படிக்கட்டுப் பகுதியில் கலந்து அமர்த்தப்பட்டிருந்தனர். இரண்டாம் பாதியில் ஆட்டக்காரர் இருவர் தம்முள் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்துப் பூசல் படிக்கட்டுக்குத் தாவியது. கல் பறந்தது, கைகலப்பு மூண்டது, தப்பியோட வழியில்லாத கூட்டம் ஒருவரை ஒருவர் மிதித்தது. 16 பேர் மாண்டனர். அவர்களை வீட்டில் எதிர்பார்த்திருந்த தாயர் வங்கத் தாயரே; கொன்ற காலும் வங்கக் காலே. அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாகக் கொண்டு வங்கத்தார் ஆண்டுதோறும் குருதிக்கொடை அளித்து வருகின்றனர். களத்தில் சிந்திய குருதிக்குக் கழுவாயாகக் குருதியையே ஈகின்றனர்.

அப்பாடத்தையும் அனைவரும் கற்றாரல்லர். 2012 திசம்பர் 9ஆம் நாள் அதே இரு கழகங்களின் ஆட்டத்தில் படிக்கட்டினின்று பறந்துவந்த கல் மோகன் பகான் ஆட்டக்காரர் ஒருவரைக் காயப்படுத்தியது. அவ்வணி இரண்டாம் பாதி ஆட மறுத்தது, அதற்காக ஒறுக்கப்பட்டது. கல் ஒருவன் எறிந்தது. இழப்போ இரு கழகத்துக்கும், பல்லாயிரம் ஆர்வலர்க்கும்.

ஆனால், 2024 ஆகத்து 18ஆம் நாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அத்திங்களில் கல்கத்தாவின் அரசு மருத்துவமனையொன்றில் பயிற்சி மருத்துவப் பெண் ஒருவர் கெடுத்துக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. அன்று நடக்கவிருந்த ஈசுட்டு பெங்கால், மோகன் பகான் ஆட்டம், காவலுக்குப் போதிய ஆளில்லை என்னும் பேச்சோடு நீக்கப்பட்டது. அவ்விரு கழகத்தாரும் முகம்மதன் கழகத்தாரும் அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டனர். ஒருவர் தோள்மேல் மற்றவர் ஏறி நின்று, அப்பெண்ணுக்கு முறை வேண்டும் என முழங்கினர். காவல்துறையின் தடியடியையும் சேர்ந்தே ஏற்றனர். நாற்பத்து நான்கு ஆண்டுகட்கு முன் ஒருவரை ஒருவர் மிதித்த கூட்டத்தின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தாங்கி நின்றனர். கூட்டம் என்றாலே விலங்கு என்பார்க்கு இதனினும் மேலான மறுமொழி உண்டோ?

ஒரே நகரம், இரண்டு நாள்கள்

மேலைநாட்டுக்குச் செல்லலாம். 1985 மே 29ஆம் நாள் பெல்சியத்தின் ஏய்சல் அரங்கில் இலிவர்பூல் அணியும் இத்தாலியின் யுவெண்டசு அணியும் ஆட இருந்தன. ஆட்டம் தொடங்குமுன் இலிவர்பூல் ஆர்வலர் ஒரு பகுதியார் எதிர்த்தரப்பார் மேல் பாய்ந்தனர். அஞ்சி ஓடியவர் சுவரோடு நெருக்குண்டனர், சுவர் இடிந்தது, 39 பேர் இறந்தனர். பழுதுபட்ட அரங்கும் பொறுப்பற்ற ஏற்பாடும் உடன்காரணமாயினும், பாய்ந்தவரின் குற்றம் மறைக்கவொண்ணாதது. ஆங்கிலக் கழகங்கள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளினின்று விலக்கி வைக்கப்பட்டன.

நான்காண்டுகள் கழிந்தன. 1989 ஏப்பிரல் 15ஆம் நாள் செபீல்டு நகரின் இல்சுபரோ அரங்கில் அதே இலிவர்பூல் ஆர்வலர் கூடினர். வெளியே நெரிசல் மிகவே, காவல்துறை வெளியேறும் வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பிக்கூண்டுப் பகுதிக்குள் மேலும் மக்கள் தள்ளப்பட்டனர். மூச்சுத் திணறி மாண்டோர் தொகை பின்னாளில் இறந்தோரையும் சேர்த்து 97. அன்றே பழி மாண்டவர் மேல் சுமத்தப்பட்டது. குடித்துவிட்டு வந்தனர், முண்டியடித்தனர் என்றனர் அதிகாரிகள். பிணத்தின் பையில் திருடினர் என்றுகூட ஒரு செய்தித்தாள் எழுதிற்று. ஏய்சலில் குற்றம் செய்த ஊரார்தாமே, இங்கும் அவர்களே செய்திருப்பர் என உலகமும் எளிதில் நம்பிற்று.

இறந்தோரின் தாய்தந்தையர் நம்பவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் போராடினர். 2016 ஏப்பிரல் 26ஆம் நாள் நடுவர்குழு, அவர்கள் முறைகேடாகக் கொல்லப்பட்டனர், ஆர்வலர்மேல் குற்றமில்லை என உறுதி செய்தது. பொய்யெழுதிய செய்தித்தாளை அந்நகரத்தார் பலர் இன்னும் தொடுவதில்லை.

இவ்விரு நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரே நகரத்துக் கூட்டம் ஒருநாள் குற்றவாளி. மற்றொருநாள் குற்றத்துக்கு இரையான கூட்டம். ஆகவே, 'நம் ஆள் செய்தால் குற்றமில்லை' என்பதும் பொய். 'கூட்டந்தான் எப்போதும் குற்றவாளி' என்பதும் பொய். செய்த செயலை வைத்தே தீர்ப்பளித்தல் வேண்டும்.

அரசின் கை செய்யும் கொடுமையையும் மறத்தலாகாது. 2022 அக்தோபர் 1ஆம் நாள் இந்தோனேசியாவின் மாலாங்கு நகர்ப்புறத்திலுள்ள காஞ்சுருகான் அரங்கில், தோற்ற அணியின் ஆர்வலர் சிலர் களத்தில் இறங்கினர். அது தவறுதான். ஆனால், காவல்துறை அதற்குத் தந்த விடை கண்ணீர்ப்புகை. கால்பந்தின் உலகப் பேரமைப்பு அரங்கினுள் கூட்டத்தை அடக்கக் கண்ணீர்ப்புகை கூடாதென விதித்திருந்தும், படிக்கட்டை நோக்கி அதனை வீசினர். வாயிலை நோக்கி ஓடிய மக்களுள் 135 பேர் மடிந்தனர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். 2025 சூன் 4ஆம் நாள் பெங்களூரில் மட்டைப்பந்து அணியொன்றின் வெற்றி விழாவில் அரங்கின் வாயிலில் 11 பேர் நெரிசலில் மாண்டதும் ஏற்பாட்டின் குறையாலேயே. ஆட்டத்தைக் காண வந்தவன் பிணமாக வீடு திரும்பும் நாட்டில், 'கூட்டத்துக்கு ஒழுங்கில்லை' என்று மட்டும் பேசுவது பாதி உண்மையைப் பேசுவதாகும்.

நிற்பதா அமர்வதா என்னும் வழக்கிலும் இதுவே நிலை. இல்சுபரோவுக்குப் பின், உயர்நிலைக் கழகங்களின் அரங்குகளில் அனைவர்க்கும் இருக்கை வேண்டுமென இங்கிலாந்து விதித்தது. நின்று பாடிப் பழகிய எளிய மக்கள், தம் வாழ்வின் ஒரு பகுதி பறிபோயிற்று என வருந்தினர். மற்றொரு சாரார் உயிரே முதல் என்றனர். முப்பதாண்டு வழக்காடிய பின், தடுப்புக்கம்பியோடு காப்பாக நிற்கும் இடங்கள் 2022 முதல் சில அரங்குகளில் ஏற்கப்பட்டன. நிற்பது குற்றமன்று, நெருக்கிக் கொல்லும் அமைப்பே குற்றம் என்பது தெளிவாயிற்று.

நாவினால் எறியும் கல்

கையால் எறியும் கல்லைக் காவலர் காண்பர். நாவால் எறியும் கல்லை யார் காண்பர்?

2023 மே 21ஆம் நாள் இசுபெயின் நாட்டு வலென்சியா அரங்கில், பிரேசிலின் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியசைக் குரங்கென்று இழித்துக் கத்தினர் சிலர். 'ஆட்டத்தில் இதெல்லாம் இயல்பு' என்று சொல்லிக் கடந்துபோகவே பலர் முயன்றனர். அவர் கடந்து போகவில்லை. கத்தியவரைக் கைநீட்டிக் காட்டினார். 2024 சூனில் மூவர்க்கு எட்டுத் திங்கள் சிறையொறுப்பு விதிக்கப்பட்டது. அந்நாட்டில் கால்பந்து அரங்கின் நிறவெறிச் சொல்லுக்காக வந்த முதல் தீர்ப்பு அது.

இஃது எங்கோ நடந்த செய்தியன்று. தமிழ்நாட்டு மட்டைப்பந்து ஆட்டக்காரர் அபினவ் முகுந்து, தம் தோலின் நிறத்தைச் சொல்லிச் சிறு அகவை முதலே தம்மை இழித்துரைத்தவர் பலர் என 2017 ஆகத்தில் வெளிப்படையாக எழுதினார். கருமை தமிழ் மண்ணின் நிறம். கரிசல் மண்ணின் நிறம். அந்நிறத்தை இழிப்பவனைக் கண்டு சினக்கும் தமிழன், எதிரணியில் ஆடும் ஆப்பிரிக்கனைத் தானும் அவ்வாறே இழித்தால், அவன் சினத்துக்கு என்ன பொருள்?

தமிழ் இளைஞர் ஆட்டக் கூட்டத்தில் வழங்கும் வசவுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை எதிரியின் தாயையும் உடன்பிறந்தாளையும் இழிப்பன. எஞ்சியவை பிறந்த குலத்தை இழிப்பன. பந்தைத் தவறவிட்டவன் ஆட்டக்காரன். இழிவுபடுபவளோ களத்துக்கே வராத அவன் தாய். தாய்மொழியால் தாயை இழிக்கும் ஒருவன், மேடையில் ஏறித் 'தமிழ்த்தாய் வாழ்க' என்று முழங்கினால் அத்தாய் மகிழ்வாளோ?

தனித்தமிழ் என்பது பிறமொழிச் சொல்லைக் களைவது மட்டுமன்று, இழிசொல்லைக் களைவதுமாகும். 'விசில் போடு' என்பதைச் 'சீழ்க்கையடி' என்று மாற்றுவது நன்று. ஒலி ஒன்றும் குறைந்துவிடாது. சென்னையின் கால்பந்து அணி 2014இல் தோன்றி 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. அதன் ஆர்வலர் கூட்டமொன்று ஆங்கிலத்தையும் தமிழையும் ஒட்டவைத்து 'சூப்பர் மச்சான்சு' எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டது. தூய தமிழ்ப் பெயரொன்று அவர்க்குக் கிட்டாமற் போயிற்றே என வருந்தலாம். ஆனால், தூய தமிழில் தூயதல்லாத வசவைப் பாடுவதைவிட அக்கலப்புப் பெயர் குற்றம் குறைந்ததே. சொல்லின் பிறப்பு மட்டும் தூயதாயிருந்து பொருள் அழுகியிருந்தால், அது வெள்ளிக் கிண்ணத்தில் வார்த்த நஞ்சு.

முழக்கம் வேண்டாம் என்பதன்று பொருள். பறை முழங்கட்டும், கொம்பு ஊதட்டும், தன் அணியைத் தமிழ்ப்பாட்டால் தூக்கி நிறுத்தட்டும், எதிரணியை நகைச்சுவையால் சீண்டட்டும். எள்ளல் தமிழுக்கு வளம். இழிப்பு அதற்கு நோய். எள்ளல் ஆட்டத்தைப் பற்றியது. இழிப்பு பிறப்பைப் பற்றியது. எல்லை அங்கேதான் உள்ளது.

ஆடுகளமும் அரசியலும்

'ஆடுகளத்தில் அரசியல் கூடாது' என்பார் உளர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அஃது எப்போதும் இயல்வதன்று. பேசுவதற்கு வேறு மன்றம் இல்லாத இடத்தில் ஆட்ட அரங்கே மன்றமாகும். 1925 சூன் 14ஆம் நாள் பார்சிலோனா அரங்கில் கூடிய கட்டலான் மக்கள், தம்மை அடக்கிவந்த இசுபெயின் அரசின் பண்ணை இகழ்ந்து சீழ்க்கையடித்தனர். வல்லாட்சியர் பிரிமோ தெ ரிவேராவின் அரசு அரங்கையே இழுத்து மூடியது. பின்னர் வந்த பிராங்கோ ஆட்சியில், பொதுவிடத்தில் கட்டலான் மொழி ஒடுக்கப்பட்ட காலத்தில், அக்கழகத்தின் படிக்கட்டில் அம்மொழி உயிரோடிருந்தது. மொழியைக் காத்தது அக்கூட்டம். ஆயினும் அவர்கள் கையிலெடுத்தது கல்லன்று, மூச்சு.

இனித் தமிழ்நாட்டுக்கு வரல் வேண்டும். இங்குத்தான் உணர்வாளர்க்குள்ளேயே கருத்து மாறுபாடு எழுந்தது. அதனை மறைப்பதில் பயனில்லை.

2018 பிப்பிரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் காவிரியில் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யினின்று 177.25ஆகக் குறைத்தது. ஆறு கிழமைக்குள் செயற்றிட்டம் வகுக்கப் பணித்தது. நடுவணரசு அக்காலக்கெடுவைக் கடத்தியது. தமிழகம் கொந்தளித்தது. வயல் வெடித்துக் கிடக்கையில் மட்டைப்பந்துக் களியாட்டம் எதற்கு என்னும் வினா எழுந்தது. அவ்வினா நேர்மையானது. ஏப்பிரல் 10ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆட்டம். இயக்குநர் பாரதிராசா, சீமான் முதலியோர் உள்ளிட்ட பெருங்கூட்டம் அண்ணாசாலையில் மறியல் செய்தது. அதுவும் மக்களாட்சி தந்த உரிமை.

ஆனால் அன்று மாலை வேறு சிலவும் நடந்தன. மஞ்சள் சட்டையணிந்து ஆட்டம் காண வந்த தமிழ் இளைஞர் சிலர் தமிழராலேயே தாக்கப்பட்டனர். காவலர் ஒருவர் அடிக்கப்பட்டார். அரங்கினுள் ஆட்டக்காரரை நோக்கிக் காலணி பறந்தது. மறுநாள் நாடெங்கும் பேசப்பட்டது காவிரியைப் பற்றியன்று, காலணியைப் பற்றி. சென்னையில் நடக்கவிருந்த எஞ்சிய ஆட்டங்கள் புனேவுக்குச் சென்றன. உழவனின் கண்ணீரைக் காட்ட வந்த நாளில் காலணி அக்கண்ணீரை மறைத்துவிட்டது.

'காலணி வீசாவிட்டால் தில்லியின் செவியில் விழுந்திருக்குமா?' என்று கேட்போர் உளர். புறந்தள்ளத்தக்க கேள்வியன்று அது. அடக்கமாகக் கேட்டபோதெல்லாம் கேளாச் செவியாக இருந்தது தில்லி என்பதும் உண்மையே. ஆயினும் விடை வேண்டும்: அடிபட்டவன் தில்லியோ? கட்டணச் சீட்டு வாங்கக் காசு சேர்த்த தொழிலாளியின் மகன். அவன் காவிரி நீரை மறித்தவனல்லன்; அதனைக் குடிப்பவன். அன்று அவ்வரங்கின் முப்பதினாயிரம் பேரும் ஒருமித்து எழுந்து, கறுப்புத் துணி அசைத்து, ஆட்டத்தையே ஐந்து மணித்துளி நிறுத்தியிருந்தால், அக்காட்சியை எந்த ஒளிக்கருவி மறைத்திருக்கும்? அம்முப்பதினாயிரவரை அடித்து விரட்டியவர் எதிரியைத் தாக்கவில்லை. தம் படையையே இழந்தனர்.

மற்றொன்றும் உண்டு. 2012 ஆகத்து இறுதியில் கொழும்பு இராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்பு ஆட்டம் ஆடியது. முதல்வர் செயலலிதா இலங்கை ஆட்டக்காரரைத் திருப்பியனுப்ப ஆணையிட்டார். இசைவளித்த அரங்க அதிகாரி பணியிடை நீக்கம் பெற்றார். முள்ளிவாய்க்காலின் குருதி உலராத காலம் அது. 2009இல் பல்லாயிரவர் கொன்று குவிக்கப்பட்ட பின், கொன்ற அரசின் கொடி பறக்கும் அணியோடு 'நட்பு' ஆட்டமா எனத் தமிழுள்ளம் எரிந்தது இயல்பே. பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்தனர் என்று கேட்டவரும் தமிழரே. அரசு ஒன்று மற்றோர் அரசின் அணியை ஏற்க மறுப்பது ஒரு வழிமுறை. உலகெங்கும் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் அணிகள் அவ்வாறே விலக்கப்பட்டன. ஆயின், அந்நாள்களிலேயே திருச்சிப் பகுதியில் இலங்கையினின்று வழிபாட்டுக்கு வந்த பயணிகளின் பேருந்துகள் கல்லெறியுண்டனவே, அஃது எவ்வழிமுறை? பேருந்தினுள் இருந்தவர் படைத்தலைவரல்லர். கண்ணாடி உடைந்ததே அன்றிக் கொழும்பின் ஆட்சிப்பீடம் அசையவில்லை. புறக்கணிப்பில் மானம் உண்டு, கல்லெறிதலில் இல்லை. ஈகியர் போற்றிய போராட்டத்தின் பெயரால் வழிப்போக்கனை அடிப்பது அவ்வீகத்துக்கே இழுக்கு.

சேப்பாக்கம் காட்டிய வழி

இனித் தமிழ்க் கூட்டம் உலகுக்கு வழிகாட்டிய நாள்களை நினைவுகூர்தல் தகும்.

1997 மே 21ஆம் நாள் பாகிசுத்தானின் சயீது அன்வர் சேப்பாக்கத்தில் 194 ஓட்டம் எடுத்தபோது அரங்கம் எழுந்து நின்று போற்றியது. 1999 சனவரி 31ஆம் நாள் அதே அரங்கில் இந்திய அணி 12 ஓட்டத்தில் தோற்றது. தெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்தும் பயனில்லை. சிறிது நேரம் அரங்கம் உறைந்து கிடந்தது. பின்னர் எழுந்தது, கைதட்டியது, வென்ற பாகிசுத்தான் அணி களத்தைச் சுற்றிவர, நின்றவாறே வாழ்த்தியது. மூன்று கிழமைக்குள் பிப்பிரவரி 20ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் அதே இரு அணிகளின் ஆட்டத்தில் கலகம் மூண்டு, பார்வையாளரை வெளியேற்றி வெற்று அரங்கில் ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் தமிழ்க் கூட்டத்தின் உயர்வு விளங்கும்.

2023 அக்தோபர் 14ஆம் நாள் அகமதாபாத்தில், ஆட்டமிழந்து திரும்பிய பாகிசுத்தான் ஆட்டக்காரர் இரிசுவானை நோக்கிச் சமய முழக்கம் எழுப்பப்பட்டது. அப்போது தமிழக விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த உதயநிதி அதனைக் கண்டித்தார். 'அவ்வாட்டக்காரர் களத்தில் தொழவில்லையா? அவர் செய்தால் சரி, கூட்டம் செய்தால் பிழையா?' என்று வழக்காடினர் மற்றொரு சாரார். தன் இறைவனைத் தனக்காக வணங்குவது வேறு. தன் இறைவனின் பெயரைப் பிறன்மேல் கல்லாக எறிவது வேறு. இவ்வேறுபாடு தெரியாதவர் இறைவனையும் அறியார், ஆட்டத்தையும் அறியார். ஒன்பது நாள் கழித்து அக்தோபர் 23இல் சேப்பாக்கத்தில் ஆப்கானித்தான் அணி பாகிசுத்தானை வென்றது. வென்றவர் நன்றி கூறிக் களத்தைச் சுற்றிவந்தனர். தமிழர் ஆரவாரித்து வாழ்த்தினர்.

2017 சனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் இலக்கக்கணக்கில் கூடினரே, அதனையும் மறத்தலாகாது. தாமே குப்பை அகற்றினர். தாமே போக்குவரத்தைச் சீர்செய்தனர். இரவெல்லாம் பெண்கள் அச்சமின்றி அமர்ந்திருந்தனர். 23ஆம் நாள் காவல்துறை புகுந்து கலைக்கும்வரை அக்கூட்டத்துக்கு வேலி அதன் அறமே. சப்பான் நாட்டுக் கால்பந்து ஆர்வலர் ஆட்டம் முடிந்ததும் தாம் அமர்ந்த இடத்தைத் தூய்மை செய்து செல்வதை உலகம் வியக்கிறது. கடற்கரையில் அதனைச் செய்து காட்டிய தமிழர் அரங்கிலும் செய்தல் அரிதன்று.

இவ்வளவும் கூறியதன் முடிபு இது. முழக்கம் உரிமை, இழிசொல் குற்றம். எழுந்து நிற்றல் உரிமை. களத்தில் பாய்தல் குற்றம். எதிர்ப்புக் காட்டல் உரிமை. எதிரில் அமர்ந்தவனை அடித்தல் குற்றம். வென்றபோது ஆர்ப்பரித்தல் இயல்பு. தோற்றபோது வென்றவனைப் போற்றுதல் பெருமை. தன் பக்கத்தான் கல்லெடுத்தால் முதலில் அவன் கையைப் பிடிக்க வேண்டியவன் எதிரணியானல்லன், காவலனுமல்லன்; அருகில் அமர்ந்த தோழனே. அவ்வொருவன் ஒவ்வொரு வரிசையிலும் இருந்தால் தடியும் புகையும் தேவையில்லை.

செட்டியார்பட்டி இளைஞர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வட்டாரத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படுவது புண்ணைக் கட்டும் மருத்துவத் துணி. எந்த ஊர்க் கலகத்தில் எவன் தலை உடைந்தாலும், அதன்மேல் சுற்றப்படும் வெண்துணி இம்மண்ணின் உழைப்பாக இருத்தல் கூடும். புண்ணுக்குத் துணி நெய்யும் மண்ணின் கை, புண்ணை உண்டாக்கும் கல்லைத் தூக்கலாமா?

அடுத்த ஆட்டத்தின் மாலையில், தேநீர்க் கடையிலே, வென்றான் என ஒரு சாராரும் வெல்லவில்லை என ஒரு சாராரும் வழக்காடட்டும். விடியும்வரை வழக்காடட்டும். பனையைச் சார்ந்து நின்று கேட்கும் நக்கண்ணையார், இரண்டும் நல்லோர் சொல்லே என இன்றும் சொல்லத்தக்கதாக அவ்வழக்கு இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறம்!